இணைச்சீர்க்காரியோடு லூபெக் போய்வந்தேன்

1

என் தம்பி செந்திலுக்குக் கல்யாணமாகி இந்தத் தை மாதத்தோடு மூன்று வருடம். சரியாக அந்தத் தேதியில் நான் ஜெர்மனியின் வடக்கே லூபெக் என்கிற பழைய துறைமுக ஊரில், அவன் கல்யாணத்தில் என் இடத்தில் நின்றவளுக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு அழகாகப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பொறாமையில் எழுதுவது.

அவள் பெயர் கோகிலா. என் சித்தப்பா மகள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். உடுமலைக்குப் பக்கத்தில் தென்னை நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்பும் கம்பெனி வைத்திருக்கிறாள். இங்கே செடி வளர்க்கிறவர்கள் மண்ணோடு அதைத்தான் கலக்கிறார்கள். தோட்டச் சாமான்களின் கண்காட்சி ஒன்றுக்காக வந்தவள், வேலை முடிந்ததும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கினாள்.

என் இடத்தில் நின்றாள் என்றேனே, அது என்ன இடம் என்று கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் வந்து நிற்பாள். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையை மடித்து ஒரு முனையை அவனிடமும் மறு முனையை இவளிடமும் கொடுப்பார்கள். புதிதாக ஒருத்தி வருகிறாள், ஆனாலும் உனக்கு இவளும் இருக்கிறாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வேன். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி நிற்பாள். செந்திலுக்கு அக்கா இல்லாமல் இல்லை. அவள் ஹாம்பர்க்கில், மூன்றாவது மாடியில், சமையலறை மேசைமேல் செல்போனை ஒரு சொம்பில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபம் தாராபுரம் ரோட்டில். கோகிலா மாம்பழ நிறப் பட்டில் நின்றாள். படம் பிடித்த கை ஆடியதில் தம்பியின் முகம் பாதிதான் தெரிந்தது. கோகிலாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. அதற்குமேல் நெட் நின்றுவிட்டது.

இப்போது செந்திலுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம். எங்கள் வீட்டு வழக்கப்படி, குழந்தையைத் தொட்டிலில் போட்டு அதன் காதில் மூன்று முறை பேரைச் சொல்வது அத்தையின் வேலை. எந்த அத்தை என்பதுதான் இரண்டு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. இணைச்சீருக்கு நின்றவளையே இதற்கும் கூப்பிட்டுவிட்டால் நான் அந்தக் குழந்தைக்குப் போனில் வரும் ஒரு முகம்தான். தம்பி என்னிடம் வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. பேர் வைத்தாயிற்றா என்று அம்மாவிடம் கேட்டால், "வெச்சுக்கலாம் அம்மணி, என்ன அவசரம்?" என்று பேச்சை மாற்றுவாள். அம்மா பேச்சை மாற்றினால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

2

கோகிலாவைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் தீபாவளிக்கு அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கோயமுத்தூர் காந்திபுரத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஒரே கடை, ஒரே துணி, இரண்டு பேருக்கும் ஒரே அளவில் வெட்டி வாங்குவார்கள். தைப்பதும் ஒரே டெய்லர்தான். ஆனால் டவுன் பஸ்ஸில் ஏறினால், "இந்தத் துணி எங்க கண்ணு எடுத்தீங்க?" என்று எல்லோரும் அவளைத்தான் கேட்பார்கள். நான் அதே துணியில் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல், அவள் பி.காம். எனக்கு ஜெர்மனி மாப்பிள்ளை அமைந்தபோது ஒருவழியாக நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வழியனுப்ப வந்த இடத்தில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் பதினாலு வருடம் ஓடிவிட்டது. நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் குப்பிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் எந்தத் தெரு, எந்தக் குழாய் என்று சீட்டு ஒட்டியிருக்கும். மதியம்வரை யாரோடும் பேச வேண்டியதில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் பேசினால் வம்பு. மொழி தெரியாத வம்பு இல்லை. என் ஜெர்மன் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மரியாதைதான் இவர்களுக்குப் புரிவதில்லை. கோயமுத்தூரில் ஒருத்தர் ஒன்றைக் கேட்டு, நாம் "பாக்கலாமுங்க" என்று சொன்னால், முடியாது என்பதை அவர் மனம் நோகாமல் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். கீழ்வீட்டு அம்மையார் ஒருமுறை தோட்டம் சுத்தம் செய்ய வருகிறாயா என்று கேட்டார். அதே மரியாதையோடு, அப்படியே ஜெர்மனில், பார்க்கலாம் என்றேன். அவர் டைரியை எடுத்து, எந்தச் சனிக்கிழமை பார்க்கலாம் என்றார். சொன்ன சனிக்கிழமை எனக்கும் சேர்த்து ஒரு துடைப்பத்தோடு வாசலில் நின்றார். நாள் முழுக்க இலை கூட்டினேன்.

கோகிலாவோ உடுமலையை விட்டு நகரவில்லை. ஆனால் அவள் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி ஹாம்பர்க்கில் வந்து இறங்குகிறது. யாரும் அதை வரிசையில் நிறுத்தி, எத்தனை நாள் தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று கேட்பதில்லை. என் பால்கனி ரோஜாத் தொட்டிக்கு ஒருமுறை வாங்கிவந்த மூட்டையைப் புரட்டினேன். இந்தியா என்று போட்டிருந்தது. இது அவள் சரக்காக இருக்கக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். ரோஜா நன்றாகத்தான் பூத்தது.

தம்பி கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை என்பதற்கு ஊரில் நான் சொல்லிவைத்திருந்த காரணம் இது: குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், ஆபீஸில் இழுத்தடித்துவிட்டார்கள். இடையில் கொடுத்த பச்சைத்தாளை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அம்மா அன்றிலிருந்து ஜெர்மன் அரசாங்கத்தை விடாமல் திட்டிவருகிறாள். "கூடப்பொறந்தவன் கல்யாணத்துக்கு ஒரு புள்ளைய உடாத ஊரு, அதெல்லாம் ஒரு ஊரா?" என்று காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

3

லூபெக் போகலாம் என்றது கோகிலாதான். "யாவாரிகளாச் சேந்து ஆண்ட ஊராமுங்க்கா. இங்க எங்ககிட்டச் சரக்கு வாங்கறவரு சொன்னாரு. அதைப் பாக்காமப் போனா யாவாரம் பண்றவளுக்குப் பாவமாமா" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். இத்தனை வருடத்தில் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் அலுவலகச் சுற்றுலாவில். சனிக்கிழமை. என் கணவருக்கு வேறு வேலை இருந்ததால் நானும் கோகிலாவும் என் மகள் மித்ராவும் கிளம்பினோம்.

மித்ராவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவது வாரமே வயிற்றுவலி என்று நின்றுவிட்டாள். கோகிலா வந்த இரண்டாவது நாள் காலையில், "ஏனுங் சித்தி, டீ குடிக்கறீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று எட்டிப் பார்த்தால் என் மகள். கோகிலா அதற்காக ஒன்றுமே செய்யவில்லை. அவளுக்கு ஜெர்மன் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத்தான் அது தெரிந்து தொலைத்திருக்கிறது.

ரயிலில் இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தபோது மித்ரா அவரைப் பார்த்து "வாங்க, வாங்க" என்றாள். சித்தியும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லூபெக்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஊர் வாசல். இரண்டு பெருத்த கோபுரங்கள், நடுவில் வழி. சதுப்பு நிலத்தில் கட்டியதால் இரண்டுமே சாய்ந்திருக்கின்றன. அதைத் தாண்டினால் ஆற்றங்கரையில் செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். அவை வீடுகள் இல்லை, உப்புக் கிடங்குகள். பக்கத்து ஊரிலிருந்து படகில் வந்த உப்பு இங்கே தங்கி, கடலுக்கு அந்தப்புறம் மீன் உப்புக்கண்டம் போடுகிற இடங்களுக்குப் போகும். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் ஒரு வழிகாட்டி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் ஜெர்மனில் கேட்டுத் தமிழில் கோகிலாவுக்குச் சொல்வதாக ஏற்பாடு.

அந்த ஏற்பாடு பத்து நிமிடம் தாங்கியது.

"அக்கா, ஆத்தங்கரையில உப்பை வெச்சா ஈரம் வாங்கிக்குமில்லீங்க? தரையில என்ன போட்டாங்கன்னு கேளுங்க" என்றாள் கோகிலா. தரைக்குப் போடுவதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே இங்கிலீஷில் கேட்டுவிட்டாள். பிழையான இங்கிலீஷ்தான். ஆனால் ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். அதற்குமேல் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேல்மாடிக்குச் சரக்கை இழுக்கும் உத்திரம், கப்பல் வர எத்தனை நாள், மூழ்கினால் நஷ்டம் யாருக்கு என்று இரண்டு பேரும் பங்காளிகளைப் போலப் பேசிக்கொண்டே நடந்தார்கள். மித்ரா சித்தியின் கையைப் பிடித்திருந்தாள். நான் எல்லோருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். குளிர் காதைக் கடித்தது. காந்திபுரத்தில் வாங்கிய ஒரு ஸ்வெட்டரோடு கோகிலா வெயிலில் நடப்பதுபோல நடந்தாள். அதற்கும் எரிச்சலாக வந்தது.

அந்தக் காலத்து வணிகர்கள் வைத்திருந்த கூட்டுக்கு ஹன்ஸா என்று பெயர். கடலோரத்திலும் உள்நாட்டிலும் எத்தனையோ ஊர்கள் அதில் சேர்ந்திருந்தன, லூபெக்தான் தலை. கூட்டில் இருந்தவனுக்கு அந்நிய தேசத்தில்கூடத் தனிச் சலுகை. கூட்டில் இல்லாதவன் அடுத்த ஊர்க்காரனானாலும் வெளியாள். ஆசிரியை இதை மிகவும் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த வணிகர்களைப் பார்த்தும் பொறாமையாக இருந்தது. எங்கே போனாலும் தன் இடம் தனக்கு இருக்கும் என்கிற தைரியத்தில் அவர்கள் கப்பலேறினார்கள். நான் அதே தைரியத்தில் விமானம் ஏறினவள்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பழைய கப்பலோட்டிகள் கூடும் மண்டபமாக இருந்த ஓர் உணவகத்துக்குப் போனோம். உத்திரத்தில் கப்பல் பொம்மைகள் தொங்கின. நீளமான கனத்த மர பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சின் முனையிலும் ஒரு சின்னம் செதுக்கியிருந்தது. எந்தத் துறைமுகத்துக்குப் போகிற கூட்டத்தாருக்கு எந்த பெஞ்சு என்பதற்கு அடையாளம்.

"நம்ம பந்தியில மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, பொண்ணு ஊட்டுக்காரங்கன்னு ஒக்கார வெப்பாங்களே, அது மாதிரிங்களா?" என்று கோகிலா அந்தச் சின்னத்தைத் தடவினாள்.

"ஆமா. அடுத்தவங்க எடத்துல போயி ஒக்காரக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே செதுக்கி வெச்சிருக்கறாங்க பாரு" என்றேன்.

சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். மித்ரா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கைக் குத்தினாள். சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதாயிற்றே.

4

சாப்பிட்டுவிட்டு மரியாள் தேவாலயத்துக்குப் போனோம். ஊரின் நடுவில் வணிகர்கள் தங்கள் காசில் கட்டியது. ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம். உள்ளே ஒரு மூலையில், தெற்குக் கோபுரத்தின் கீழே, இரண்டு பெரிய மணிகள் தரையில் உடைந்து கிடக்கின்றன. உலகப் போரில் குண்டு விழுந்து கோபுரம் எரிந்தபோது மேலிருந்து விழுந்தவை. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம். மித்ரா மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தாள்.

கோகிலா மணிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, பாப்பாளுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க" என்றாள்.

காலையிலிருந்து அவள் இதற்குத்தான் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் அனுமதியை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள். கண்காட்சி, கப்பல், வியாபாரம் எல்லாம் சாக்கு.

"அதுக்கென்ன, நீதான் இருக்கறயே. நீயே வெச்சுப்போடு" என்றேன். "இணைச்சீருக்கு நின்னவளுக்கு இதுக்கு நிக்கத் தெரியாதா?"

"என்னக்கா இப்புடிப் பேசறீங்க?"

"வேற எப்புடிப் பேசோணும்? பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நீ நின்ன படத்தை ஊரே ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்துது. என்ற தம்பி உன்னத்தான் தெனமும் கூப்பிடறான். என்ற பொண்ணும் இப்ப உன்கூடத்தான். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அந்தத் தேவாலயத்தில் இப்படிச் சத்தம் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். ஒரு முதியவர் திரும்பிப் பார்த்தார். கோகிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க ஆருமில்லீங்க்கா" என்றாள். "நின்னு பாத்தாத்தான் தெரியும், அந்தச் சேலை முனையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுன்னா என்னன்னு. என்ற வாழ்க்கையில அது ஒரே ஒரு நாளுங்க. நீங்க வர முடியலைன்னுதானே என்னைய நிக்கச் சொன்னாங்க? நானா கேட்டேன்? அந்த ஒரு நாளுக்கு மூணு வருசமா உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கறேன். போன் பண்ணுனா ரெண்டு வார்த்தைல வெச்சுப்போடறீங்க. இன்னைக்கு எடம் மாறி ஒக்காந்தவள்னு சோத்துல வெச்சுச் சொல்றீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. இந்தக் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாம் பகுதியில் உங்களிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆபீஸில் யாரும் இழுத்தடிக்கவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்கு மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தது. இங்கே மஞ்சள் உறையில் வந்தால் அரசாங்கம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறது என்று பொருள். கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். பிரிக்கப் போனவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கரிநாள். நல்லபடியாக முடிய வேண்டிய காரியம், போயும் போயும் கரிநாளில் பிரிப்பானேன் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். உறையின் மூலையில் குங்குமம் வேறு வைத்தேன். மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. அப்புறம் ஊரிலிருந்து சேலைப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. இணைச்சீருக்கு எனக்கு எந்தக் கலர், அரக்கா பச்சையா என்று அம்மாவும் நானும் தினமும் பேசினோம். கடிதம் சுத்தமாக மறந்துபோனது. போகிக்கு வீட்டைத் துடைக்கும்போதுதான் குங்குமப் பொட்டோடு கையில் வந்தது. சம்பளச் சீட்டும் மருத்துவக் காப்பீட்டுச் சான்றும் இன்ன தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தேதி தாண்டிப் பல வாரம். கோப்பை மூடியிருந்தார்கள். போய் அழுதேன். அங்கிருந்த பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்து, புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார். அந்த விண்ணப்பத்துக்குக் கிடைத்ததுதான் பச்சைத்தாள்.

அட்டை வந்த பிறகும் நான் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை, மித்ராவுக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொன்னேன். கோகிலா எவ்வளவு லட்சணமாக நின்றாள் என்று யாராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், நல்ல நாள் பார்த்துத் தம்பி கல்யாணத்தையே கோட்டை விட்டவள் நான் என்று தெரிந்துவிடுமோ என்பது.

இத்தனையையும் மணிகளைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். கோகிலாவின் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

"தெரியுமுங்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"லெட்டர் சமாச்சாரம். அப்பவே மாமாவுக்குப் போன் பண்ணுனேனுங்க, வக்கீல் ஆராச்சும் வெச்சா நீங்க வர முடியுமான்னு கேக்கறதுக்கு. அவரு சொல்லிப்போட்டாரு."

மாமா என்றால் என் வீட்டுக்காரர். மூன்று வருடமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற மனிதர்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கம்மா இந்த நாட்டைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தயா?"

"நானும் பெரீம்மாகூடச் சேந்து திட்டுனனுங்க" என்றாள். அந்த அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். உடனே சிரிப்பை நிறுத்திக் கேட்டேன்.

"செந்திலுக்கும் தெரியுமா?"

மெழுகுவர்த்தியோடு மித்ரா வந்துகொண்டிருந்தாள். "அதை அவனத்தான் நீங்க கேக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோகிலா மித்ராவோடு போய்விட்டாள்.

5

திரும்பும் ரயில் இரண்டு அடுக்கு. மாடியில் இருந்து பார்த்தால் வயல் தெரியும் என்று மித்ரா சித்தியை இழுத்துக்கொண்டு படியேறிப் போனாள். நான் கீழே இருந்தேன். கோகிலாவின் போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. செந்தில். பெயரோடு ஒரு படமும் வந்தது. கல்யாணக் கோலத்தில் அவன், பக்கத்தில் மாம்பழ நிறப் பட்டில் அவள்.

அடுத்தவர் போனை எடுப்பது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் அவளிடம் அப்படி என்னதான் பேசுகிறான் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ சொல்லவில்லை.

"அக்கா, கேட்டீங்களா?" என்றான். எடுத்த எடுப்பிலேயே அவசரம். "என்ன சொன்னாங்க? வர்றாங்களாமா? சிக்னல் இல்லீங்களா, நான் பேசறது கேக்குதுங்களா? நீங்க பாட்டுக்கு நானே பேரு வெச்சுக்கறேன்னு மட்டும் ஒத்துக்கிட்டு வந்துறாதீங்க. அவங்க கோவத்துல அப்புடித்தான் சொல்லுவாங்க. அப்பறம் அந்த லெட்டர் கதை எனக்குத் தெரியும்னு தப்பித் தவறிக்கூடச் சொல்லிப்போடாதீங்க. பாவம், அந்த வெக்கத்துலயேதான் மூணு வருசமா வராம இருக்கறாங்க. இன்னும் வெக்கப்பட்டா இன்னும் மூணு வருசம் ஆயிரும்." பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அவன் அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. "மாமியா ஊட்டுல தெனமும் கேக்கறாங்க, எத்தனை நாளைக்குப் புள்ளையப் பேரில்லாம வெச்சிருப்பீங்கன்னு. நான் சொல்லிப்போட்டேன். எங்கக்கா வந்து காதுல சொல்றவரைக்கும் அது பாப்பாதானுங்கன்னு."

எங்கக்கா என்று அவன் சொன்னது என்னைத்தான். அது காதில் விழுந்ததும் நான் நெகிழ்ந்துபோய் அழுதிருக்க வேண்டும். அழுதேன்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் தம்பி என்மேல் வைத்திருக்கும் ஆசையைக்கூட அவளிடம்தான் சொல்கிறான் என்று நெஞ்சு பற்றி எரிந்தது. மூன்று வருடமாக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு, மூன்று வருடமாக அவள் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. நான்தான் ரெண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுகிறவள் ஆயிற்றே, என்னிடம் எப்படிச் சொல்வான்?

"நான்தான் பேசறேன் கண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டிக்கொடுப்பது நின்றது. குழந்தைகூட அடங்கிவிட்டது.

"அக்காவுங்களா?" என்றான் கடைசியில். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது வரும் அதே குரல்.

"பாப்பா போனுக்கிட்டத்தான் இருக்குதா?"

"மடியில இருக்குதுங்க்கா."

"வாரேன்னு சொல்லு" என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது படியில் கோகிலா நின்றிருந்தாள். மித்ராவை இறங்கவிடாமல் தோளைப் பிடித்துவைத்திருந்தாள். நான் போனை வைக்கிறவரை அவள் கீழே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் விமானச்சீட்டுத் தேடினேன். அன்று என்ன நாள், என்ன திதி என்று காலண்டரைப் பார்க்கவில்லை. கோகிலா வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். எனக்கும் அதே விமானம்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், பிள்ளைக்குத் தங்கக் காப்பு வாங்க வேண்டும், ஒரு வாரம் கழித்து நிதானமாகப் போகலாமே என்றார் கணவர். மூன்று வருட ரகசியத்துக்காக அவரிடம் தனியாகப் பேச வேண்டியிருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. "எதுக்குங்க்கா இத்தனை பறக்கறீங்க? நான் முன்னால போயி தொட்டில், சேலையெல்லாம் ஏற்பாடு பண்ணி வெக்கறேன், நீங்க மெதுவா வாங்க" என்றாள் கோகிலா. நல்ல மனதோடுதான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவளுக்கு இருபத்திரண்டாவது வரிசை. எனக்குப் பதினெட்டாவது வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது. கோயமுத்தூரில் அவளுக்கு முன்னால் நான் இறங்கிவிடுவேன்.